தேதி இருந்த ஓரம்

ஒரு மனிதரின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை நான் கத்தரித்து எடுத்தேன். என்னை நம்பிக் கொடுத்து வைத்திருந்த படம் அது. அவர் மனைவி வந்து கேட்டபோது, "நீ கொண்டு வந்தப்பவே அப்படித்தான் இருந்தது" என்றேன். கத்தரித்ததற்காவது அவசரம், அசட்டை என்று ஏதேனும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்த வாக்கியத்துக்கு இத்தனை வருடங்களில் எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்தேன். குடியிருந்தது ஆவடியில், என் மனைவிக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் கிடைத்திருந்த குவார்ட்டர்ஸில். எதிர்வீட்டுக்காரர் ஷில்லாங்கில் இருந்துவிட்டு மாற்றலாகி வந்தவர். வரும்போது ஈரப்பாசியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்து, ரயில் மாறி மாறி ஒரு செடியைக் கொண்டுவந்தார். "சார், இது பூச்சி தின்னுமாம். நீங்கதான் வாத்தியார், வெச்சுக்குங்க" என்று கொடுத்தார்.

பாடப்புத்தகத்தில் குடுவைத் தாவரம் என்று வரும். பல வருடங்கள் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன், கையில் தொட்டதில்லை. இலையின் நுனி ஒரு கொடியாக நீண்டு, அதன் முனை வீங்கிக் குடுவையாகும். அதற்கு ஒரு மூடியும் உண்டு. குடுவை முற்றும்வரை மூடி ஒட்டியே இருக்கும். திறந்த பிறகு எறும்பும் ஈயும் விளிம்பில் வழுக்கி உள்ளே விழும். உள்ளே கொஞ்சம் நீர் இருக்கிறது. அது மழைநீர் இல்லை, செடியே ஊறவைத்த நீர். விழுந்த பூச்சி அதில் கரைந்து, சில நாளில் இறக்கையும் ஓடும் மட்டும் மிஞ்சும். நம் இரைப்பை செய்கிற வேலையை இந்தப் பச்சைக் குடுவை செய்கிறது.

கொசுத் தொல்லைக்கு இது நல்லது என்று மனைவியிடம் சொல்லி வராந்தாவில் வைத்தேன். பத்து நாளில், "கொசு பிடிக்கிற செடின்னீங்க, அதுக்குள்ளயே கொசுப்புழு நெளியுது" என்றாள். உண்மைதான். அந்த நீரிலும் பிழைக்கிற புழுக்கள் உண்டு. செடியைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே அட்டெண்டராக ஓர் அம்மாள் இருந்தாள். திருமழிசைக்காரி. அவளுடைய மாமனார் காலம்வரை வயல்கூலி. கணவர் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தார். செடியைப் பார்த்ததும், "இன்னா சார், கூஜா தொங்குது!" என்றாள். அன்றிலிருந்து அது கூஜா செடி. ஆசிரியர் அறையிலும் அந்தப் பெயர் பரவியது. என் ஆராய்ச்சி வழிகாட்டியின் பையை நான் தூக்கிக்கொண்டு நடப்பேன் என்பது எல்லாருக்கும் தெரியும். "ரெண்டு கூஜா தூக்கறாரு, ஒண்ணு பச்சை" என்பார்கள். சேர்ந்து சிரித்துவிடுவேன்.

என் ஆராய்ச்சி இதுதான். குடுவை நீரில் பூச்சியைக் கரைக்கிற நொதிகள் இருக்கின்றன. அவை செடி சுரந்தவையா, அழுகுகிற பூச்சியோடு வந்த பாக்டீரியா சுரந்தவையா? வெளிநாடுகளில் பலர் பார்த்த கேள்விதான். ஆனால் நம் நாட்டு மலைச்செடியில் செய்து காட்டினால் முனைவர் பட்டத்துக்குப் போதும் என்றார் வழிகாட்டி. மூடி திறக்காத குடுவைக்குள் எதுவும் நுழைந்திருக்க முடியாது. அந்த நீர் புரதத்தைக் கரைத்தால் நொதி செடியுடையது.

புரதத்துக்கு நான் எடுத்துக்கொண்டது எக்ஸ்ரே பிலிம். பிலிமின் மேல் இருக்கிற பூச்சு ஜெலட்டின், அதுவும் புரதமே. கறுப்பு நிறத்தை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. பிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு இருக்கும். பின்பக்கத்தைச் சுரண்டிவிட்டு, முன்பக்கத்தில் ஒரு துளி அமிலம் சேர்த்த குடுவை நீரை வைத்து, ஈரமான தட்டில் மூடி மறுநாள் கழுவினால், நொதி இருந்தால் அந்த இடத்தில் கறுப்பு போய்விடும். கண்ணாடி போல ஒரு வட்டம் தெரியும். பக்கத்திலேயே கொதிக்கவைத்த நீரில் ஒரு துளி, வெறும் அமிலத்தில் ஒரு துளி. அந்த இரண்டும் கறுப்பாகவே நிற்க வேண்டும்.

பிலிம் கொண்டுவந்து கொடுத்தது அந்த அம்மாள்தான். வெள்ளி எடுப்பதற்காகப் பழைய எக்ஸ்ரே படங்களை வாங்குகிற ஒரு கடை அவளுக்குத் தெரிந்திருந்தது. நாலைந்து படங்களைக் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு வருவாள். "யாரு கை யாரு காலுன்னே தெரியல சார். உன் கூஜாவுக்கு இன்னா, எல்லாம் ஒண்ணுதான்" என்பாள்.

நான் எதிலும் தேதி பார்க்கிறவன். ஒவ்வொரு புட்டியிலும் சீட்டு ஒட்டி, எந்தக் குடுவை, எந்த நாள் என்று எழுதுவேன். ஒருமுறை அவள் துடைக்கும்போது ஒரு சீட்டு நனைந்து உரிந்துவிட்டது.

"இது செவ்வாக்கெழம எடுத்தது சார், எனக்கு நல்லா தெரியும்" என்றாள்.

"உனக்குத் தெரிஞ்சா போதாதும்மா. தேதி இல்லாத புட்டியில இருக்கிறது வெறும் தண்ணி" என்று சொல்லித் தொட்டியில் கொட்டினேன்.

"அடப்பாவமே! ஒரு மாசமா கூஜா ஊறவெச்சத ஒரு துண்டு பேப்பருக்கோசரம் ஊத்திட்டியே சார்" என்றாள்.

அந்த வருடம் ஐப்பசி பிறக்கும்போது அவள் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்தாள். கணவரின் நெஞ்சுப் படம்.

"இத்த உன் பீரோல வெச்சுக்கினு இருக்கியா சார்? ஊடு ஒழுவுது. இது நனைஞ்சா எல்லாம் போச்சுன்னு சொல்லிகிறாரு டாக்டரு."

விவரம் கேட்டேன். அவர் பவுண்டரியில் அச்சு உடைக்கிற இடத்தில், மணல் சலிக்கிற இடத்தில் பதினைந்து வருடம் நின்றவர். மூச்சு வாங்கத் தொடங்கியதும் அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுத்த படம் அது. பிறகு பவுண்டரியின் டாக்டர் டிபி என்று சொல்லி ஒரு வருடம் மாத்திரை கொடுத்தார். இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் புதிதாக ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: வேலையால் வந்த நோயா என்று தீர்மானிக்கிற மருத்துவக் குழுவிடம் பழைய படத்தையும் காட்டு, இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மாத்திரை கேட்கவில்லை என்று அர்த்தம், மாத்திரைக்குக் கேட்காதது மணல் தூசி.

"தூசின்னு எழுதிட்டா அவர மணலாண்ட நிக்க வெக்க முடியாதாம் சார். வாச்மேன் வேல மாதிரி எதனா குடுத்துதான் ஆவணும். தெருவுலயும் வாய மூடுவாங்க. டிபி ஊடுன்னு எங்கூட்டு கொடத்தக்கூட தள்ளி வெக்கிறாளுங்க. பொண்ணு வேற வளந்து நிக்கிது."

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மேல் மூலையில், உடம்புக்கு வெளியே கன்னங்கரேலென்று இருந்த ஓரத்தில், ஒரு எண்ணும் தேதியும். உறையில் போட்டு, பீரோவில் என் நோட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

கூஜா செடிக்குச் சமவெளி வெயில் ஒத்துவரவில்லை. அந்தப் பருவத்தில் ஒரே ஒரு குடுவைதான் பிழைத்தது. முற்ற வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கடைத் தெருவில் முழங்கால் தண்ணீர் என்று பிலிம் வரவில்லை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவள்தான் கூப்பிட்டாள்: "சார், ஓடியா! கூஜா வாய தொறக்கப் போவுது."

மூடியின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பிளவு தெரிந்தது. மதியத்துக்குள் திறந்துவிடும், அப்புறம் அந்த நீர் எனக்குப் பயன்படாது. ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தேன். கையில் பிலிம் இல்லை. வழிகாட்டி கொடுத்த கெடு தை மாதம்.

பீரோவைத் திறந்தேன். அவள் அடுத்த அறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பதால் கேட்கவில்லை. நுரையீரலைத் தொடக் கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. மேல் ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்குக் கத்தரித்தேன். அதில் எண் இருந்தது, தேதியும் இருந்தது. பார்க்காமல் வெட்டினேன் என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். உறைமேல் பெயர் எழுதியிருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். தேதியில்லாத புட்டியைத் தொட்டியில் கொட்டிய அதே ஆள்.

மறுநாள் கழுவிப் பார்த்தபோது முதல் துளி வைத்த இடத்தில் ஒரு தெளிந்த வட்டம். எண்ணுக்கும் தேதிக்கும் நடுவே. மற்ற இரண்டு இடங்களும் கறுப்பாகவே இருந்தன. நொதி செடியுடையதுதான். எண்ணும் தேதியும் சேதமில்லாமல் அப்படியே இருந்தன. துண்டை நோட்டில் ஒட்டி, கீழே அன்றைய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்று வாரம் கழித்து மருத்துவக் குழுவுக்குப் போக அவள் படத்தைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். உறையைத் திறந்து பார்க்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நான் கொடுத்தது என்பதால் பார்க்கவில்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மறுநாள் வந்தாள். பெருக்க ஆரம்பிக்கவில்லை, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படத்துல நம்பரே இல்லியாம் சார். மேல வெட்டிக்கீதாம். 'யாரு நெஞ்சும்மா இது?'ன்றாங்க. உறையில பேரு கீதே சாருன்னேன். 'உறையில யாரு படத்த வேணா போட்டு எடுத்தாரலாம்'னு சிரிக்கிறாங்க."

"நீ கொண்டு வந்தப்பவே அப்படித்தான் இருந்தது."

"இல்ல சார். நான் தொடச்சுத்தானே குடுத்தேன். மூலையில வெள்ளையா நம்பரு இருந்துச்சு."

"எலி கிலி கடிச்சிருக்கும்."

"எலி கத்திரிக்கோலு வெச்சுக்கினு இருக்குதா சார்?"

நான் நோட்டில் ஏதோ எழுதுவது போல இருந்தேன். துண்டு ஒட்டியிருந்த பக்கம் அதே நோட்டில், என் முழங்கைக்கு அடியில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பெருக்கினாள். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று அன்று முழுவதும் யோசித்தேன். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். துண்டைப் படத்தோடு சேர்த்து வைத்தால் வெட்டின வாய் பொருந்தும். எண்ணை அங்கே இருக்கிற பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். அரைநாள் வேலை. ஆனால் யார் வெட்டியது என்று சொல்ல வேண்டும். வழிகாட்டியின் காதுக்குப் போகும், கல்லூரிக்குப் போகும். நாளை, நாளை என்று தள்ளினேன். குழு, டிபி என்றே எழுதி அனுப்பியது. குணமாகிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அவர் திரும்பவும் மணல் சலிக்கப் போனார்.

எனக்குத் தை மாதம் ஆய்வேட்டில் கையெழுத்தாகியது. பட்டமும் வந்தது. ஒருமுறை அவர் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் திருமழிசைக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட்டார். படுத்தால் மூச்சு வரவில்லையாம். "வாங்க சார். கூஜா எப்பிடி கீது?" என்று கேட்டார். வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேசியிருக்கிறாள். டீ கொண்டுவந்து வைத்தாள். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றேன். அவருக்கு டிபி இல்லை என்று அந்த வீட்டுக்கு வெளியே தெரிந்த ஒரே ஆள் நான். அந்த டம்ளரை நானும் தொடவில்லை.

அடுத்த வருடம் அவர் இறந்தார். அவள் வேலையை விட்டுவிட்டுத் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். செடியும் ஒரு கோடையில் கருகிப் போயிற்று. அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

பத்து வருடம் போல ஆயிற்று. அந்த நோட்டை ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்குக் காட்டுவேன். இவ்வளவு தெளிவாக விழுந்த வட்டம் வேறெதுவும் என்னிடம் இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒருநாள், முன்வரிசையில் இருந்த ஒரு பெண் துண்டைத் தூக்கிப் பிடித்து எண்ணை உரக்கப் படித்தாள். "இது யாரோட படம் சார்?" என்று கேட்டாள்.

"ஏதோ பழைய படம்மா."

அந்தத் துண்டைப் பற்றிப் பதினோரு வருடத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய். முதலாவது சொன்ன அதே மேசையின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு திருமழிசைக்கு பஸ் ஏறினேன்.

"வா சார். இன்னா இப்பிடி எளச்சுட்ட?" என்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துண்டை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இந்த ஓட்டைதான் உன் கூஜா தின்னதா?"

"ஆமா."

"நீதான்னு அப்பவே தெரியும் சார். துண்ட தூக்கி எறிஞ்சிருப்பன்னு நெனச்சேன். பத்திரமா வெச்சுக்கினு இருந்திருக்கியே."

மீதிப் படம் எங்கே என்று கேட்டேன். இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று சொன்னேன்.

"படமா? ரெண்டு வருசம் முன்னாடி கிரகணம் வந்துச்சே. எக்ஸ்ரே படம் கீதான்னு தெருவே வந்து நின்னுச்சு. ஆளுக்கொரு துண்டா வெட்டிக் குடுத்துட்டேன். டிபி ஊட்டுத் தண்ணிய குடிக்க மாட்டாளுங்க. டிபி ஊட்டு நெஞ்சுல சூரியன மட்டும் பாத்தாளுங்க."

துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "அன்னிக்கு ஆளு இருந்துச்சு, தேதி இல்ல. இப்ப தேதி கீது, ஆளு இல்ல. அப்ப இது இன்னா சார், வெறும் தண்ணியா?"

நடந்ததை இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்திட்டு, துண்டோடு எடுத்துக்கொண்டு மருத்துவக் குழு இருந்த அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே படித்தார். பழைய பதிவேடுகள் இப்போது இல்லை, படமும் இல்லை, நீங்கள் சொல்வதை வைத்து மட்டும் எதையும் மாற்ற முடியாது என்றார். எழுத்தில் கேட்டேன். ஒரு மாதத்தில் நான்கு வரிப் பதில் வந்தது. கல்லூரி முதல்வரிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். படித்துவிட்டு, "ரிட்டயர் ஆகப் போற நேரத்துல எதுக்கு சார் இதெல்லாம்?" என்று மேசை இழுப்பறையில் போட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த நான்கு வரியை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அவள் குழாயடிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இத்த படிச்சுக் காட்டாத சார். எனக்குத்தான் தெரியுமே. அங்க வந்து சொல்லு."

குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். "இவுரு நான் வேல செஞ்ச காலேஜி வாத்தியாரு. உங்களாண்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள். அவருக்கு இருந்தது டிபி இல்லை, பவுண்டரி மணல் தூசி, அதைக் காட்டியிருக்க வேண்டிய படத்தை நான் வெட்டிவிட்டேன், கேட்டபோது இல்லையென்று சொன்னேன் என்றேன்.

வயதான ஒருத்தி கேட்டாள்: "அப்ப அது ஒட்டிக்காதா?"

"ஒட்டாதும்மா."

"இத்த அப்பவே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு கல்யாணம் ரெண்டு தபா தட்டிப் போயிருக்காதே."

"ஆமாம்மா."

"ஆமான்றான் பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கொடம் ரொம்பிடுச்சு, எடுடி" என்றது இன்னொரு குரல். வரிசை நகர்ந்தது.

"போதும் சார், பஸ்ஸு வந்துரும்" என்றாள் அவள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பத்தடி நடந்திருப்பேன். வரிசையின் கடைசியில் நின்ற ஓர் இளம்பெண் குடத்தை வைத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தாள்.

"சார், எங்கூட்டுக்காரரு இன்னும் அந்த பவுண்டரிலதான் கீறாரு. அவருக்கும் டிபின்னுதான் மாத்திர குடுக்கறாங்க. படம் ஊட்லதான் கீது. எடுத்தாரட்டா, பாக்கிறியா?"

"நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லம்மா. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது."

"படிக்க வாணாம் சார். நம்பரு கீதான்னு மட்டும் பாரு."

கொண்டுவந்தாள். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். அதே இடத்தில் அதே ரவை. மேல் மூலையில் எண், பக்கத்தில் தேதி.

"இருக்கு" என்றேன். "அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அதுவரைக்கும் யார்கிட்டயும் குடுத்து வைக்காதே."

அவள் படத்தை வாங்கி, திருப்பி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நான்கு பக்கமும் தடவிய பிறகுதான் உறைக்குள் போட்டாள்.